எடைமேடை ரோஸ்லின் மீது இன்னும் நிற்கும் மெமோ

ரோஸ்லின் அக்கா போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் யார்டு குழுவில் அலுவலகமே போட்டிருந்தது. ரோஜாப்பூச் சட்டத்துக்குள் அவருடைய அடையாள அட்டைப் படம். கீழே, "நேர்மையும் பொறுப்புணர்வும் மிக்க ஊழியரை மாரடைப்பில் இழந்துவிட்டோம்" என்று ஒரு வரி. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதே அலுவலகம்தான் நான்கு வருடங்களுக்கு முன்பு, கணினியைக் கவனக்குறைவாகக் கையாண்டு பழுதாக்கினார் என்று அவருக்கு மெமோ கொடுத்தது. அதை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பினோம்.

எர்ணாவூரில் எங்கள் கன்டெய்னர் யார்டுக்குள் நுழைந்ததும் எடைமேடை. அதை ஒட்டி ஒரு தகரக் கேபின். லாரி மேடையில் ஏறினால் எடை கணினியில் விழும், அக்கா சீட்டு அடித்துக் கொடுப்பார். பதினோரு வருடம் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். எடையைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லி ஒரு டிரைவர் குழைந்தபோது, "நான் கொறச்சிப் போட்டா லாரி கொறஞ்சிடுமா நைனா? பிரேக்கு புடிக்காதப்போ என்னிய நெனப்ப" என்றார். அந்த ஆள் சரியான எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு போனான்.

மெமோ வந்த அந்தக் கோடையில் கணினி தானாக அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. எழும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிப்பதாகத் திரையில் சதவீதம் ஓடும். பாதியில் பொட்டென்று அணையும். மறுபடி முதலிலிருந்து சோதனை, மறுபடி இருட்டு. ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் சோதனையைத் தாண்டிவிடலாம் என்று திரையே வழி சொல்லும். மேலாளரும் அதைத்தான் செய்யச் சொன்னார். இரண்டு முறை தாண்டிப் பார்த்ததில் முந்தின நாள் எடைகள் குழம்பிப் போயின. அதற்கு மேல் அக்கா அந்தப் பட்டனைத் தொடவில்லை. "ஒடம்பு சரியில்லன்னு அதுவே சொல்லுது, நீங்க வாயப் பொத்துன்றீங்களே சார்" என்றார்.

வெளியே லாரிகள் சாலைவரை நின்று ஹாரன் அடித்தன. "இன்னாக்கா, மிசினு செத்துச்சா? காத்தாலேர்ந்து நிக்கிறேன், பேஜாரா கீது" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். "சாவல மாமு, சாவடிச்சிகினு கீறாங்க" என்றார் அக்கா. சர்வீஸ்காரர் வந்து ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார். புதியதும் ஒரே வாரத்தில் அதே கதி. அந்த அம்மா கணினியை முறையாக மூடாமல் சுவிட்சை அப்படியே அணைக்கிறார் போல என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அவர் போய்விட்டார். அது போதுமாக இருந்தது. ஒரு கேள்வி கிடையாது, கேபினுக்கு வந்து பார்த்தவர் கிடையாது. மறுநாள் மெமோ கைக்கு வந்தது.

நான் அப்போது ஸ்டோர்ஸ் குமாஸ்தா. பேப்பர் ரோல் கொடுக்கக் கேபினுக்குப் போனால், அக்கா திரையைப் பார்க்காமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். பின்பக்கம், கப்பலுக்குக் காத்திருக்கும் இறால் கன்டெய்னர்கள் குளிரூட்டிகளோடு நின்றன. "காது குடு மூர்த்தி" என்றார். ஒரு கம்ப்ரசர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மின்விசிறி தொய்ந்தது. திரை கறுத்தது.

"பாத்தியா? டிஸ்க்க சோதிக்க அர மணி ஆவுது. அதுக்குள்ள அந்தப் பொட்டி மூணு வாட்டி கரண்ட்ட இஸ்துக்குது. இது எப்பிடி முடிக்கும்? முடிக்கலன்னா மறுக்கா சோதிக்கத்தானே செய்யும்?"

தனி லைன் இழுக்காமல், குளிர்பெட்டிகளின் லைனிலேயே கேபினையும் கோத்திருந்தார்கள். இடையில் தாங்க வேண்டிய யூபிஎஸ்ஸில் பேட்டரி எப்போதோ செத்துப்போய், அதன் மேல் அக்காவின் டிபன் பாக்ஸ்தான் உட்கார்ந்திருந்தது. எலக்ட்ரீஷியன் பாஷா பாயைக் கூப்பிட்டு, கேன்டீன் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் கரண்ட் வாங்கித் தரச் சொன்னார். சோதனை நூறைத் தொட்டது. கணினி எழுந்து நின்றது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். "கழுத்த நெரிச்சவன உட்டுட்டு, மூச்சு முட்டுறவன அடிச்சிகினு இருந்திருக்கோம் பாய்."

அடுத்த வாரமே சத்தமில்லாமல் கேபினுக்குத் தனி லைன் வந்தது. அப்படியானால் மெமோ? அதைத் திரும்பப் பெற்றால் லைனை அப்படிக் கோத்தது யார் என்று எழுத வேண்டி வரும். அதனால் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். பேட்டரி செத்ததை ஏன் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று கேட்டார் மேலாளர். "மூணு வாட்டி எழுதிக் குட்த்தேன் சார்" என்றார் அக்கா. மேலாளர் என் பக்கம் திரும்பி, "வந்துச்சா?" என்றார். பேட்டரி கேட்டு ஸ்டோர்ஸுக்கு வந்த அந்த மூன்று கடிதங்களும் என் அலமாரியில் இருந்தன. "பாத்துதான் சொல்லணும் சார்" என்றேன். பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. நானும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கோழை என்று என்னைச் சொல்லிக்கொள்ள இன்று எனக்குக் கூச்சமில்லை.

அக்காவைக் கேபினிலிருந்து கேட்டுக்கு மாற்றினார்கள். வெயிலிலும் சாம்பல் புழுதியிலும் நின்று லாரி நம்பர் எழுதும் வேலை. அங்கேயும் என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. "புள்ளகுட்டிக்காரன், பயந்துட்ட. எனுக்குத் தெரியாதா? அந்த லெட்டருங்கள மட்டும் கிழிச்சிப் போட்டுடாத" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிழிக்கவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மூன்று கடிதங்கள்தான். ஒவ்வொன்றின் கீழும் "பெற்றுக்கொண்டேன்" என்று என் கையெழுத்து இருக்கிறது. நாளை யார்டில் இரங்கல் கூட்டம். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் தேதி விடாமல், கடைசியில் என் பெயரையும் சேர்த்து, மேலாளர் முன்னால் படிக்கப்போகிறேன்.