என் மச்சினன் செய்த இங்கிலீஷ்

என் மச்சினன் எனக்கு அறுபதாயிரம் கடன்பட்டிருந்தான். மகளைப் படிக்க வைக்க வாங்கிய பணம். நான் வட்டி கேட்கவில்லை. பெண்டாட்டியின் தம்பியிடம் வட்டி வாங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஓட்டை ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி விற்று, ஒற்றை ஆளாக ஆரம்பித்தேன். இன்றைக்கு முப்பது பழைய கார் நிற்கும் இடத்துக்கு முதலாளி. ஆனால் இதுவரை இங்கிருந்து போன கார்களில் பாதியை விற்றது, என்னிடம் வேலை பார்த்த மச்சினனின் வாய். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

வாங்க வந்தவரை எதிரே வைத்துக்கொண்டே நாங்கள் இருவரும் ரகசியம் பேச வேண்டும். அதற்கென்று அவனே ஓர் இங்கிலீஷ் செய்தான். ‘ஹோல்டிக்’ என்றால் விலையை இறக்காதே. ‘மெல்டோ’ என்றால் ஆள் இளகிவிட்டார், சாவியைக் கையில் கொடு. ‘டிராப்சி’ என்றால் வேடிக்கை பார்க்க வந்தவர், டீ சொல்லாதே. ஒருமுறை கோட்டுப் போட்ட ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “இது எந்த நாட்டு இங்கிலீஷ்?” என்றார்.

“உள்ளூர்ல செஞ்சது சார். ஸ்பேர் பார்ட்ஸ் ஈஸியா கிடைக்கும்” என்றான் அவன். சிரித்துக்கொண்டே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் மகள் தாயில்லாப் பிள்ளை. பள்ளி விட்டதும் எங்கள் ஆபீஸ் அறையில்தான் கிடப்பாள். அந்த வார்த்தைகள் பாடப்புத்தகத்தில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கார் வியாபாரத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

படித்து முடித்து, புதுக் கார் விற்கும் பெரிய ஷோரூமில் வேலைக்குப் போனாள். முதல் வாரமே, ஒரு குடும்பம் விலை கேட்டு உட்கார்ந்திருக்கையில், மேனேஜரிடம் தலைநிமிர்ந்து, “சார், இவங்க மெல்டோ. நாம ஹோல்டிக்கா இருக்கலாம்” என்றிருக்கிறாள். அவர்கள் போன பிறகு மேனேஜர் அர்த்தம் கேட்க, இவளும் விளக்கியிருக்கிறாள். மறுநாளிலிருந்து அவளுக்கு மெல்டோ மேடம் என்று பெயர். டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டாராம்.

வீட்டுக்கு வந்து அப்பனைக் கேட்டாள்.

“அதெல்லாம் நீயா கட்டிவிட்டதாப்பா?”

“தொழில் பாஷைம்மா.”

“எந்தத் தொழில்ல? என்னைத் தவிர யாருக்கும் தெரியலையே.”

அதோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு எடுத்து வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள்.

அவனும் அந்த வார்த்தைகளை விட்டுவிட்டான். நான் “மெல்டோவாடா?” என்று கேட்டால், “ஆமா அத்தான், வாங்கிடுவார்” என்று வந்தவர் காதுபடவே சொல்வான். அவர் உஷாராகி விலையை அடித்து இறக்குவார். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். இவனை ஒரு வருஷம் பொறுத்தேன்.

போன மாதம் அவளே வந்தாள். அவன் ஒரு காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மாமா, எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்.”

“அங்க வந்து அவன் என்னம்மா பண்ணுவான்? வாயை வித்துப் பொழைச்சவன்.”

“சும்மா இருக்கட்டும். யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்.”

நான் அவன் பக்கம் திரும்பினேன். “நீ என்னடா சொல்றே?”

“இன்னிக்குக் காலையில என்னை அப்பான்னு கூப்பிட்டுட்டா, அத்தான்” என்றான். “எனக்கு அது போதும்.”

மகள் பையைத் திறந்தாள். பணத்தை நான் எப்போதாவது கேட்டேனா என்றேன்.

“கடன் இருந்தா அதைச் சாக்கு வெச்சு அப்பா மறுபடியும் இங்கதான் வந்து நிப்பார் மாமா.”

அவன் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். எத்தனையோ பேரிடம் பேரம் பேசி வாங்கிய கை என்னுடையது. அன்றைக்கு அதை விரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் வாய்விட்டு எண்ணி, நோட்டு நோட்டாக அதில் வைத்தாள்.