எந்தப் பன்னிரண்டு மணி?

போன வியாழக்கிழமை சாயங்காலம் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடமே ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றது. ரொம்பச் சின்ன வார்த்தைதான் — 'பை'. வெள்ளிக்கிழமை 'பை ட்வெல்வ்' வரவும் என்றால் பன்னிரண்டுக்கு முன்னாலா, பன்னிரண்டு அடிக்கும்போதா?

சண்டைக்குக் காரணம் எதிர் பிளாக் வைத்தி மாமாவின் பெண் கமலா. ஆபீஸ்கள் நிறைந்த ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். பதில் வந்துவிட்டது. பதினொன்றரைக்கு மேல்தான் துரை வருவாராம். 'பை ட்வெல்வ்' நேரில் வந்து பார்க்க வேண்டுமாம்.

சாதாரண வேலை இல்லை ஐயா அது! மாமாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். நாக்பூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. கமலாவுக்கு இந்த வேலை கிடைத்தால் அவளும் அம்மாவும் இங்கேயே இருப்பார்கள். கிடைக்காவிட்டால் வாடகைப் பிளாக்கைக் காலி செய்துவிட்டுக் குடும்பமே ரயில் ஏற வேண்டியதுதான். யுத்தம் முடிந்த இந்த நாளில், பம்பாயில் விட்ட பிளாக் திரும்பக் கிடைக்குமா?

"நாக்பூர்லே போய் ஆரஞ்சுப் பழம் உரிச்சிண்டு உக்காரறதுக்கா மாமா, ராப்பகலா ஷார்ட்ஹாண்ட் கத்துண்டேன்?" என்று கமலா என்னிடம் கேட்டபோது கண்ணில் ஜலம் தளும்பிற்று.

'பை' விவகாரம் கடைசியில் என்னிடம் வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்குத் தெரியாத இங்கிலீஷ் உண்டா என்று ஒரு நினைப்பு! நானும் விடவில்லை. 'அட்', 'டில்', 'வித்தின்' எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி ஒரு பிரசங்கம் செய்தேன். பன்னிரண்டு அடிக்கும்வரை போகலாம், அடித்த பிறகு கூடாது என்று தீர்ப்பும் வழங்கினேன்.

வைத்தி மாமா முகம் மலர்ந்தது. "அப்போ பன்னெண்டு அடிக்கறச்சே உள்ளே கால் வெச்சாப் போறும்! பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம், ஓய்! அதான் தவிச்சிண்டிருந்தேன்."

மதராஸ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் மணி என்றால் மணி. எங்கள் ஊரில் கடிகாரங்கள் இரண்டு கட்சி. ரயிலுக்கும் சர்க்காருக்கும் ஸ்டாண்டர்ட் டயம். முனிசிபாலிட்டிக்கும் சில பழைய கம்பெனிகளுக்கும் பம்பாய் டயம் — அது முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால். தெருவுக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டு ஏப்பம் விடுவார்கள். அந்தப் பக்கம் அப்போதுதான் இலை போடுவார்கள்! கல்யாணப் பத்திரிகையில்கூட மணிக்குப் பக்கத்தில் எஸ்.டி. அல்லது பி.டி. என்று தவறாமல் அச்சடிப்பார்கள். சாப்பாட்டு விஷயம் அல்லவா? ஆபீஸ் கடிதம் மட்டும் மொட்டையாகப் 'பன்னிரண்டு' என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

வைத்தி மாமா இரண்டு கட்சியிலும் இருக்கிறார். சட்டைப்பையில் இருப்பது ரயில்வே மணி. சுவரில் தொங்குவது பம்பாய் மணி. ராகு காலம் பார்ப்பது சுவரில்தான். "சூரியன் என்ன ரயில்வே உத்தியோகஸ்தனா, ஓய்? பம்பாய்லே உதிக்கற சூரியனுக்கு பம்பாய் டயம்தான்!" என்பார். பதில் சொல்ல முடிகிறதா, பாருங்கள்!

வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். மூன்று பேரும் அந்தக் கம்பெனியின் மாடிப்படிக்குக் கீழே நின்றோம். ஸ்டாண்டர்ட் டயம் காட்டும் என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருந்தது. "கிளம்பு, கமலா" என்றேன்.

"என்ன பதட்டம்?" என்றார் மாமா. "நம்மாத்துச் சுவர்லே இப்போதான் பதினொண்ணு அடிச்சிருக்கும். ராகு காலம் பாதிகூடப் போகலே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'பை'யை அலசு அலசு என்று அலசினோமே... எந்தப் பன்னிரண்டு என்று ஒருவராவது கேட்டோமா?

"மாமா, இந்தக் கம்பெனிக்கு எந்த டயம்?"

"பழைய வெள்ளைக்காரக் கம்பெனி. பம்பாய் டயமாத்தான் இருக்கும்."

"இல்லாவிட்டால்?"

அவர் படியை மறித்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. பெண் முதல்முதலாக வெளியே வேலைக்குக் கால் எடுத்து வைக்கிறாள். ஒன்றும் கோணலாகிவிடக் கூடாதே என்ற பயம்தான் அவரை அப்படி நிறுத்தி வைத்திருந்தது. கமலா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்.

"அப்பா, நான் வேலைக்குப் போகலே. அவா மணி எதுன்னு கேட்டுண்டு வரேன். ராகு காலத்துலே மணி கேக்கப்படாதுன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

மாமா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "மணி கேக்கறதுக்கு... தோஷம் ஒண்ணும் இல்லே—"

அவர் முடிக்கவில்லை. கமலாவின் புடவைத் தலைப்பு மாடித் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

என் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆயிற்று. அவள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் டை கட்டிய ஓர் இளைஞன் கையில் கடிதத்தோடு மாடிக்கு ஓடினான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். "பாரா பஜ் கயா, போல்தா ஹை" — பன்னிரண்டு அடித்துவிட்டதாம் — என்று தன் கைக்கடிகாரத்தை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் பதினொன்றரைகூட ஆகவில்லை. பாவம், பம்பாய்க் கட்சி! அவனுக்கும் ஏதாவது நாக்பூர் இருக்கும் அல்லவா? மாமா முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் கமலா வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்! நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே பொரிந்து தள்ளினாள்.

"ஸ்டாண்டர்டா பம்பாயான்னுதான் கேட்டேன், மாமா. துரை அவர் லெட்டரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்'னு சிரிச்சுட்டு, மெஷின் முன்னாடி உக்காத்தி வெச்சு டிக்டேஷன் கொடுத்துட்டார்! திங்கக்கிழமைலேருந்து வேலை. பை டென். ஸ்டாண்டர்ட் டயம் — கேட்டுண்டுட்டேன்." அப்புறம் குரல் தாழ்ந்தது. "பின்னாடி ஒருத்தர் வந்தாரே, அவரையும் உள்ளே விடச் சொல்லிப் பார்த்தேன். கதவைச் சாத்திட்டா."

கெடு வைக்கும் புண்ணியவான்களே, இதற்காகத்தான் சொல்கிறேன். 'பை' போடுங்கள், 'பிஃபோர்' போடுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் யார் வீட்டு மணி என்பதையும் இரண்டு எழுத்தில் சேர்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் உங்களுக்கு ஒரு சொட்டு மை மிச்சம். எங்கேயோ ஒருவன் மூச்சிரைக்க மாடி ஏறிவிட்டு, முகம் தொங்க இறங்கிப் போகிறான்.

திரும்பி வரும்போது ரயிலில், தாதர் ஸ்டேஷன் வந்ததும் மாமா மெல்லக் கேட்டார்: "ஏண்டி, வேலைன்னு துரை வாயாலே சொன்னது எத்தனை மணிக்கு?"

"அங்கே கடிகாரத்துலே பன்னெண்டே கால் இருக்கும்பா."

"பன்னெண்டு தாண்டியாச்சு! ராகு காலம் போயாச்சு!" என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சுவர்க் கடிகாரப்படி..." என்று நான் வாயைக் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் காப்பிப் பொடி கடன் கேட்க எதிர் பிளாக்குக்குப் போனேன். மாமா ஸ்டூல்மேல் ஏறி நின்று, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

அன்று முதல் வைத்தி மாமா வீட்டுச் சூரியனும் ரயில்வே உத்தியோகஸ்தன்தான்.