அத்தை வீட்டுப் பீங்கான் கொலு

ஓராண்டு முழுக்கப் பழைய செய்தித்தாளில் சுற்றிவைத்த பீங்கானைப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும். அச்சு மையும் கரப்பான் எச்சமும் பாச்சை உருண்டையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்குத் தை மாதம் நினைவுக்கு வரும், சிதம்பரத்தில் என் அத்தை வீட்டுப் பின்கட்டு நினைவுக்கு வரும், கூடவே கோபமும் வரும். இளமைக்கால நினைவு என்றால் தேன் தடவித்தான் எழுத வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. என்னிடம் தேன் இல்லை.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் உரக்கடை நடத்தியவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த மாமாவுக்கு ஏலத்தில் போய் நிற்பது ஒரு பைத்தியம். கடலூர் முதுநகரிலோ பாண்டிச்சேரியிலோ பழைய பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். திரும்பும்போது வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் நீலப்பூத் தட்டோ, மூடிபோட்ட கிண்ணமோ, தங்க விளிம்பு வைத்த ரோசாப்பூக் கப்போ வந்து சேரும். "சீமைப் பீங்கான்", "தொரை வீட்டுச் சாமான்" என்று அத்தை தெருக்கோடிவரை போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அவற்றில் ஒன்றிலாவது அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் சோறு தின்றதில்லை, ஒரு மடக்கு டீ குடித்ததில்லை.

பக்கத்துத் தெருவில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அத்தை, "அவுங்களுக்குப் பொம்ம, நமக்குப் பீங்கான்" என்று சொல்லி, பொங்கலுக்குத் தன் கூடத்தில் ஐந்து படி கட்டி வெள்ளை வேட்டி விரித்துவிட்டாள். போகியன்று எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது, பொங்கலன்று காலையில் படியேற்றுவது, காணும் பொங்கல்வரை ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவது, மறுநாள் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் போடுவது என்று அதற்கு ஒரு சடங்கே உண்டாகிவிட்டது.

உச்சிப்படியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒற்றைப் பிடி வைத்த பெரிய வெள்ளைச் சட்டி ஒன்று இருக்கும். வயிற்றில் ஊதாப்பூ, வாயைச் சுற்றித் தங்கக்கோடு. அத்தை அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உள்ளே வாழைப்பழச் சீப்பை வைப்பாள். காணும் பொங்கலன்று வந்தவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் பழம். அது வெள்ளைக்காரர்கள் கட்டிலுக்கடியில் வைத்து மூத்திரம் போன சட்டி என்பதைக் கல்லூரிக் காலத்தில் ஒரு புத்தகத்துப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லாமல் இருந்தது மரியாதையால் அல்ல. வருடாவருடம் அவள் அதற்குக் குங்குமம் வைப்பதை மனசுக்குள் பார்த்துச் சிரிக்கும் சந்தோஷத்தை விட மனமில்லாததால்.

என் அம்மா தேவனாம்பட்டினத்துக்காரி, கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவரின் மகள். அப்பா அவளை விரும்பிக் கட்டிக்கொண்டு கடலூரில் வாடகை வீடு பிடித்தபோது, இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தை, பிறகு மெல்ல இளகி, போகிக்குப் போகி எங்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். இளகியதற்குக் காரணம் பாசம் என்றுதான் அப்பா கடைசிவரை நம்பினார். பீங்கான் கழுவ ஆள் வேண்டியிருந்தது என்பது என் கணக்கு. "ஒங் கையி பதனமான கையி, வேற எவ தொட்டாலும் ஒடச்சிருவா" என்பாள் அத்தை. புகுந்த வீட்டில் அம்மாவுக்குக் கிடைத்த நல்ல வார்த்தை ஆண்டு முழுவதற்கும் அது ஒன்றுதான். அதைக் கேட்பதற்காகவே விடியற்காலை முதல் பஸ்ஸில், மடியில் கருவாட்டுப் பொட்டலத்தோடு, அம்மா சிதம்பரத்துக்குப் போவாள். கருவாடு நேராக அடுக்களைக்குள் போய்விடும், அதற்கு ஒரு தடையும் கிடையாது.

கழுவி முடித்ததும் டீ வரும். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அம்மாவுக்கு மட்டும், பின்கட்டு ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்திருக்கும் பிடி உடைந்த கப்பு. எனக்கு டம்ளர் உண்டு, நான் அவர்கள் ரத்தமாம். அம்மா ஊதி ஊதிக் குடித்துவிட்டு, தானே கழுவி, திரும்பவும் அதே ஜன்னலில் கவிழ்த்து வைப்பாள். அடுத்த போகிக்கு நாங்கள் போகும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள். எடுக்கும்போது உள்ளே நூலாம்படை இருக்கும். அத்தை இதற்கு ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. "ஒனக்குன்னே வச்சிருக்கேன்" என்பாள், ஏதோ நகை எடுத்து வைத்திருப்பதைப் போல. அவள் வீட்டுப் பீங்கான் அத்தனையையும் அம்மாவின் கை தொடலாம், உதடுதான் தொடக் கூடாது.

நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. உதடு, கை என்றெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் வாயில் எப்போதும் கிடக்கும் ஒரு சட்டம்தான்: "விளிம்பு போனது படியேறாது." சின்னதாக ஒரு சில்லு தெறித்திருந்தாலும் அந்தச் சாமான் கொலுவுக்கு ஆகாது, பின்கட்டு ஜன்னலுக்குப் போய்விடும். அம்மாவின் கப்பு அப்படி வந்ததுதான், அதற்குப் பக்கத்தில் கிடந்த விரிசல் விட்ட சாசரும் அப்படி வந்ததுதான். ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ரோசாப்பூக் கப்பில் ஒன்று விளிம்பு போனால், அது எங்கள் அம்மாவுக்கு வரும். பிடியோடு வரும், அம்மாவுக்கு விரல் சுடாது.

அந்தப் போகியன்று அம்மா அன்னக்கூடையில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கரைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள், நான் பழைய வேட்டித் துணியால் துடைத்துப் பாயில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடிக்க அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில், பெட்டியின் இரும்புச் சாவியை எடுத்து ரோசாப்பூக் கப்பின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன். நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, கப்பை மற்றவற்றோடு கவிழ்த்து வைத்துவிட்டு, ஊரையே ஏமாற்றிவிட்ட பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் படியேற்றும்போது அத்தையின் விரலில் அது தட்டுப்பட்டது. "யாரு பாத்த வேல இது?" என்று கூடம் அதிரக் கேட்டாள். நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதற்குள் அம்மா, "நாந்தான் அண்ணி, கை தவறிடுச்சு" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"மீனு அறுக்குற கையில பீங்கானக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாள் அத்தை. அப்பா கூடத்தில்தான் இருந்தார். சாய்த்து வைத்திருந்த கரும்பை எடுத்து இன்னும் கொஞ்சம் நேராகச் சாய்த்து வைத்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்குள் ஒரு ஆசை மிச்சமிருந்தது. திட்டு முடிந்தால் கப்பு ஜன்னலுக்கு வந்துவிடும் அல்லவா? அத்தை கப்பைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள். பிறகு சில்லு போன பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, மூன்றாம் படியில், அதன் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். விளிம்பு போனது படியேறிவிட்டது. அன்று சாயங்காலமும் அம்மாவுக்குப் பிடி உடைந்த கப்பில்தான் டீ வந்தது.

அடுத்த ஆண்டிலிருந்து பீங்கான் கழுவ வேறு ஒருத்தியை வைத்துக்கொண்டார்கள். அம்மா பின்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல வார்த்தையை நான் சாவியால் தட்டி உடைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அத்தையைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கிற வாய், என்னைப் பற்றிச் சொல்ல மட்டும் திறக்கவே இல்லை.

மாமா போய், அத்தை போய், அப்பாவும் போய்விட்டார். பீங்கான் மட்டும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது. அத்தை மகன் செந்திலின் மனைவி ரம்யா பொங்கலுக்குப் பொங்கல் அதைக் கண்ணாடி ஷோகேஸில் சீரியல் லைட் போட்டு அடுக்கி, "எங்க வீட்டு விண்டேஜ் கலெக்‌ஷன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறாள். ஆளுக்கொரு இதயம் விழுகிறது. மூத்திரச் சட்டியில் ரோஜா செருகியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் இந்த ஆண்டு அவள் போன் செய்து, "அம்மாவக் கூட்டிக்கிட்டுக் கண்டிப்பா வாங்க" என்று கூப்பிட்டபோது, எழுபது தாண்டிய அம்மா என்னைவிட முந்திக்கொண்டு புடைவை எடுத்து வைத்துவிட்டாள்.

ரம்யா நல்ல பெண். டீயை ரோசாப்பூக் கப்பிலேயே ஊற்றிக்கொண்டு வந்தாள். "சாமான்னா பொழங்கணும்மா, நீங்க இதுலயே குடிங்க" என்று அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா குடித்து முடிக்கும்போது செந்தில் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அட, அத்த ஒடச்ச கப்பே அத்தைக்கு வந்திருக்கு பாரு." அவனுக்கு என் அம்மா அத்தை முறை. அந்த வீட்டில் இத்தனை வருடமாக அந்தக் கப்புக்கு அதுதான் பெயர்.

"அம்மா ஒடைக்கல" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாக இருந்தது. "நான் சாவியால தட்டுனேன். வேணும்னேதான் தட்டுனேன்."

"எதுக்கு?" என்றான் அவன், சிரிப்பு இன்னும் முழுதாகப் போகாமல்.

"விளிம்பு போனா எங்கம்மாவுக்குக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

ரம்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. செந்திலுக்குப் புரிந்தது, அவனும் அந்த ஜன்னலைப் பார்த்து வளர்ந்தவன்தானே. சுவரில் மாலை போட்டிருந்த அத்தை படத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். முப்பது வருடத்துக் கோபத்தை அவளும் என்னோடு சேர்ந்து கொட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் எழுந்து, காலிக் கப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். பின்கட்டு இப்போது மாடுலர் கிச்சன் ஆகியிருக்கிறது; அன்னக்கூடை கிடந்த இடத்தில் சிங்க் இருக்கிறது, மேலே புகைபோக்கி தொங்குகிறது. ரம்யா "வைங்கம்மா, நான் கழுவிக்கிறேன்" என்று ஓடி வருவதற்குள் அம்மா கப்பைக் கழுவிவிட்டாள். கழுவிய கையோடு இடப்பக்கம் திரும்பி, கப்பைக் கவிழ்த்தபடியே கையை நீட்டினாள். அங்கே ஜன்னல் இல்லை. எப்போதோ அதை அடைத்துப் பூசி, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.

ஈரக் கப்பு டைல்ஸில் தட்டி நின்றது. அம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கதானடி வெப்பேன், இத இப்ப எங்க வெக்கிறது?" என்று கேட்டாள்.