தாழிட்ட கொல்லைக் கதவும் நாற்பது ஒருசந்தியும்

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். பொய்யில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு ஒரு தபசுகாலம் முழுக்க நான் ஆடிய கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதை மறைத்துவிட்டு அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. ஐம்பதுகளின் கடைசியில், செங்கல்பட்டில் வளர்ந்த நான் கல்யாணமாகிக் கடப்பாக்கத்துக்கு வந்தேன். இவர் அங்கே ஆரம்பப் பள்ளி வாத்தியார். கத்தோலிக்கரான எங்களுக்கும் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துக்கும் நடுவே ஒரே சுவர். அக்காவின் புருஷன் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். இரண்டு கொல்லைக்கும் இடையில் ஒரு சின்னக் கதவு உண்டு. குழம்பும் மோரும் ஊர்க்கதையும் அதன் வழியாகத்தான் போய்வரும். அவள் என்னை வாத்தியாரம்மா என்பாள்.

எங்கள் முதல் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனது. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அடுத்து மகள் பிறந்தாள். இவளை மட்டும் விட்டுவையும் ஆண்டவரே, வருகிற தபசுகாலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். தபசுகாலம் என்றால் பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்; ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு. பால் கொடுக்கிற தாய்மாருக்கு அந்தக் கடமை இல்லையென்று, தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு சாமியார் கோவிலில் வாசித்தார். கேட்டேன். அது சோப்ளாங்கிகளுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வேளையையும் நானே சுருக்கினேன். பொழுது சாய்ந்தபின் ஒரு கிண்ணம் கஞ்சி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் கிடையாது. மத்தியானம் நான் சாப்பிடுவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்த இவர் நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டு மீன்குழம்பு வாசனை ஜெபத்தைக் கலைக்கிறது என்று கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டேன். முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இந்த ஊரிலேயே இப்படித் தபசு செய்கிறவள் நான் ஒருத்திதான் என்கிற சந்தோஷம். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாலாம் வாரம் மகள் இளைக்கத் தொடங்கினாள். மூன்று மாதக் குழந்தை. மார்பில் வாய் வைப்பாள், இழுப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பால் மாவு வாங்கிக் கரைத்துக் கொடுத்தோம், வாந்தி எடுத்தாள். என் தபசு ஆண்டவருக்குப் போதவில்லை என்று முடிவு செய்தேன். கஞ்சியில் உப்பை நிறுத்தினேன். பிறகு கிண்ணத்தைப் பாதியாக்கினேன். அவள் இளைக்க இளைக்க நான் இறுக்கினேன். நான் இறுக்க இறுக்க அவள் இளைத்தாள். எருமை மாட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை.

"செங்கல்பட்டு ஆசுபத்திரிக்குத் தூக்கினு போவலாம்" என்றார் இவர்.

"இந்த வெள்ளி போவட்டும்" என்றேன்.

அந்த ஆண்டு தபசுகாலத்தின் கடைசி வாரங்களோடு ரம்ஜான் நோன்பும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், அக்கா தன் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் ரொட்டி தின்கிறாள். நோன்பு மாதத்தில் இப்படி ஒரு வாயா என்று எனக்கு ஒரே இளக்காரம்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் அழுகையை நிறுத்தினாள். ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேன். சிலுவைப்பாதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டேன். கொல்லைக் கதவை யாரோ இடித்தார்கள்.

"வாத்தியாரம்மா, கதவத் தொற. காலைலேருந்து அழுதினு இருந்த பாப்பா சத்தமே காணோம்."

"தூங்குதுக்கா."

"தொறன்றேன்."

திறந்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். சுண்டுவிரலை அதன் வாயில் வைத்தாள். வாய் மூடவில்லை. அப்போதுதான் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

"நீ இன்னா துன்ன இன்னிக்கு?"

"வெள்ளிக்கெழமக்கா. ஒண்ணும் துன்ன மாட்டேன்."

"நேத்து?"

சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முதலில் நாலைந்து சொட்டுப் பாலைக் குழந்தையின் உதட்டில் பீய்ச்சினாள். நாக்கு அசைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டாள். பிறகு மார்போடு சேர்த்துக்கொண்டாள். என் மகள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ நாளாக எங்கள் வீட்டில் கேட்காத சத்தம் அது.

"நீ துன்னாம கெடந்தா பாலு எங்கேருந்துடி வரும்?" வாத்தியாரம்மா போய் 'டி' வந்துவிட்டது. "எங்களுக்குந்தான் நோன்பு. பாலு குடுக்கறவ இப்ப வுட்டுட்டு அப்பறமா புடிச்சிக்கலாம்னு கீது. அதான் பகல்ல துன்றேன். உங்களுக்கு அது மாரி ஒண்ணும் கெடயாதா?"

"கீதுக்கா."

"அப்பறம் இன்னா கேடு உனக்கு?"

அழுதேன். அவள் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியைத் தூக்கோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பூண்டும் வெந்தயமும் மணத்தன. கூடவே கொத்துக்கறியும் மிதந்தது.

"கறி போட்டுக்கீதேக்கா. வெள்ளிக்கெழம சுத்தபோசனம்."

"உங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். குடி."

இரண்டு கிண்ணம் குடித்தேன். அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு குழந்தைக்கும் அவளே பால் கொடுத்தாள். இந்தப் பக்கம் அவள் மகன், அந்தப் பக்கம் என் மகள். "ஒரே பாலு குடிச்சிதுங்க, இனிமே இதுங்க அண்ணன் தங்கச்சி. சம்பந்தம் பேசலாம்னு கனா காணாத" என்று என்னைச் சீண்டுவாள். தினம் கஞ்சித் தூக்கு வந்தது. தபசின் கடைசி வாரமான பெரிய வாரத்தில் எனக்குப் பால் திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததை வானத்தில் தேடினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

பாஸ்குக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கறிக்கஞ்சி குடித்தேன் என்று ஆரம்பித்து, ஏன் குடித்தேன் என்பதையும் சொன்னேன். சாமியார் கேட்டார்:

"கறி தின்றதைப் பாவம் என்று கொண்டுவந்திருக்கிறாய். பட்டினி கிடந்ததை ஏனம்மா பாவமாகச் சொல்லவில்லை? உன் தட்டில் குறைந்தது யார் வாய்க்குப் போனது?"

யார் வாய்க்கும் போகவில்லை. என் மகளின் வாயிலிருந்துதான் குறைந்தது. அன்று அவர் விதித்த அபராதம், மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுவது. அதைவிடக் கஷ்டமான அபராதத்தை நான் செய்ததே இல்லை.

அடுத்த ஆண்டு விபூதிப் புதன் வந்தபோது இரண்டு குழந்தைகளும் நடந்தார்கள். அக்கா தன் மகனுக்கும் நான் என் மகளுக்கும் பால் மறக்கடித்திருந்தோம். அடுத்த ரம்ஜான் வருவதற்குள் விட்ட நோன்புகளைப் பிடித்துவிட வேண்டும் என்று அவள் ஆரம்பித்திருந்தாள். அவற்றில் பாதி என் மகளுக்கும் சேர்த்து விட்ட நோன்பு. கூட நானும் இருக்கிறேன் என்றேன். இவரிடம் சொல்லிக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டேன். மத்தியானத்தில் எனக்காகப் பொங்க வேண்டிய அரிசியை, கோவிலுக்குப் பின்னால் தனியாக இருந்த கிழவருக்குப் பொங்கிக் கொடுத்தனுப்பினேன்.

முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். என் மகள் என்னைத் தாண்டிப் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

"இந்த வருசம் இன்னா வேண்டிக்கினு பட்டினி கீற?" என்று கேட்டாள் அக்கா.

"ஒண்ணும் கேக்கலக்கா. போன வருசம் கேட்டதக் குடுத்தாச்சே."

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அக்கா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். கொட்டையை நீக்கி, இரண்டாகப் பிய்த்து, என் மகள் வாயில் ஒரு பாதியையும் தன் மகன் வாயில் ஒரு பாதியையும் வைத்தாள். அவர்கள் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன்பிறகு நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.