அக்காவின் செடிக்குத் தண்ணீர்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு நல்ல செய்தி. அக்காவின் ஆர்க்கிட் செடி பிழைத்துக்கொண்டது. நினைவு மலரை இப்படியா தொடங்குவது என்று தம்பி கேட்டான். அக்கா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் விசாரித்திருப்பார்.

அக்கா ஆலங்காயத்தில் எங்கள் பெற்றோருக்குத் தலைமகளாகப் பிறந்தார். மணமாகிப் புதூர்நாட்டுக்குப் போன புதிதில், ஜீப் கிடைக்காத நாட்களில் கைக்குழந்தையோடு மலைப்பாதையில் நடந்திருக்கிறார். சாமை பொய்த்த ஆண்டுகளில் புளி தட்டிக் குடும்பத்தை நிமிர்த்தினார். தன் கஷ்டத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். பிறர் தப்பைக் கண்டால் சொல்லாமல் விடவும் மாட்டார். அவரிடம் திட்டு வாங்காத உறவினர் யாரேனும் இருந்தால், அவர் இன்னும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை என்று பொருள்.

ஆர்க்கிட்டும் ஒரு சண்டையில்தான் வீட்டுக்கு வந்தது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, புளியங்கிளையில் ஒட்டியிருந்த அதைப் புல்லுருவி என்று நினைத்து அரிவாளால் சீவித் தள்ளினார். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும் என்பதால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

"இது இன்னா உங்க மரத்தையா துன்னுது? வாடகை குடுக்காம குடியிருக்குது, அவ்ளோதான்," என்றாராம் அக்கா.

கீழே கிடந்ததை எடுத்து வந்தார். ஓட்டை போட்ட சட்டியில் மண்ணே இல்லாமல் அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் நிரப்பி, அதில் வைத்தார். நேர்வெயில் விழாத, காற்று வரும் வாசலோரத்தில் தொங்கவிட்டார். ஆண்டுதோறும் மஞ்சளும் பழுப்புமாய்க் கட்டம் போட்ட பூ பூக்கும். வாசனை அடுப்படி வரை வரும்.

கடைசி மாதங்களில் அக்கா மூச்சு விடவே மிகவும் சிரமப்பட்டார். தூக்கத்திலேயே அமைதியாகப் போனபோது அழுதோம். கூடவே, அந்தப் பாடு முடிந்ததே என்று நெஞ்சு லேசானதும் உண்மை.

துக்கம் கேட்க வருபவர்கள் கால் கழுவ, வாசலில் குடமும் சொம்பும் வைத்திருந்தோம். கால் கழுவிய மிச்சத் தண்ணீரை, "பாவம், வளர்த்தவ போய்ட்டா," என்று ஆளுக்கொரு வாயாக அந்தச் சட்டியில் ஊற்றினார்கள். கருமாதி வரை இப்படியே நடந்தது. ஊற்றாதவர் என்று ஒருவரும் இல்லை. பெரியப்பா ஒருவர் மாட்டெருவும் வைத்துவிட்டுப் போனார். பிறகு இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. வேரைத் தொட்டால் கூழாக வந்தது.

அக்காவைத் தூக்கும்போதும் கலங்காமல் நின்ற மாமா, அன்று சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். "இதுவும் பூட்டா, இந்த வூட்ல எனக்கு இன்னா கீதும்மா?" என்றார்.

பிறகு அவரே எழுந்தார். சட்டியைக் கவிழ்த்தார். கத்தியை நெருப்பில் காட்டி, அழுகிய வேரையெல்லாம் அறுத்து, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவினார். நிழலில் காயவிட்டு, அக்காவின் பழைய புடவைக் கிழிசலால் ஒரு புளியங்கட்டையில் கட்டினார்.

"இதெல்லாம் எப்ப மாமா கத்துக்கினீங்க?"

"நான் எங்க கத்துக்கினேன்மா? உங்க அக்கா திட்னது அத்தினியும் காதுல கீது. வேர் வெள்ளையா இருந்தா தண்ணி காட்டு, பச்சையா இருந்தா கைய வெக்காத. காலைல தெளி, சாய்ந்தரம் தெளிக்காத. குருத்துல தண்ணி நின்னா தொடச்சி எடு. எத்தினி வாட்டி வாங்கியிருப்பேன்."

பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மழைக்குப் பின் ஒருநாள் போன் செய்தார். "வேர் வுட்டுருக்கும்மா, நுனி பச்சையா கீது," என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை அந்த ஆண்டில் நான் கேட்டதில்லை. இந்த மலர் அச்சுக்குப் போகும்போது முதல் பூ விரிந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

அக்காவை மருத்துவமனைக்கு இறக்கிக் கொண்டுபோன ஜீப்காரர்களுக்கும், பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கருமாதிக்குச் சமைத்துப் பரிமாறிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்போடு ஊற்றிய ஒவ்வொரு சொம்புத் தண்ணீருக்கும் நன்றி.

இன்று வந்திருப்பவர்கள் பூவை நின்று பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள். கால் கழுவிய மிச்சத்தை வாசல் வாழைக்கு ஊற்றுங்கள். செடிக்கு மாமா காலையிலேயே தெளித்துவிட்டார்.

— தங்கை