முக்குக் கடை சூப்

நகரப் பேருந்து ஓட்டுகிற அவரைப் பணிமனையில் 'நாக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை, உள்ளூரப் பெருமைதான். எந்தத் தெருவில் புதுச் சாப்பாட்டுக் கடை திறந்தாலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பலகை கண்ணில் பட்டுவிடும். பெயிண்ட் காய்வதற்குள் மனுஷன் அங்கே ஆஜர். பிடித்துப்போன கடையிலாவது நிலையாக நின்றாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த கடைக்குக் கால் பரபரக்கும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, மனைவி செய்ததை வாயில் போட்டுக்கொண்டே அடுத்தவன் கடையைப் புகழ்வார்.

"அந்த மீன் வறுவல் இருக்கே, அடடா! என்னா மொறுமொறுப்பு!"

அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்பாள். அவர் தட்டை நீட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு.

குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது கை முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். இவர் லீவு போட்டார், அடுப்பு இவர் கைக்கு வந்தது. "நான் பாத்துக்கறேன்மா, நான் சாப்பிடாத சாப்பாடா?" என்று வெளியூரில் இருந்த மகளிடம் போனில் வீரம் பேசினார். தின்று பழகியவருக்கு ஆக்கவும் வருமா என்ன?

உப்பு, காரம் எல்லாம் எப்படியோ சரிக்கட்டிவிட்டார். சும்மா இருக்கத்தான் முடியவில்லை. பருப்பு வேகிறதா என்று மூடியைத் திறப்பார், மூடுவார், ஹால் வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் திறப்பார். ஆவி ஜன்னல் வழியாகப் போய்விடும், பருப்பு கல்லு மாதிரி கிடக்கும்.

"சிக்னல்ல நிக்கற மாதிரி துடிக்காதீங்க. அது வேகறப்ப வேகும்" என்று நாற்காலியிலிருந்தே மனைவி சொன்னாள்.

விழுந்து எழுந்து ஒரு வழியாகக் கை பழகியது. ஒரு நாள் உருளைக்கிழங்கு வறுவல் உண்மையாகவே நன்றாக வந்தது. தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். 'நல்லா இருக்கு' என்ற ஒரே ஒரு வார்த்தைக்கு மனசு அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்.

அவள் இடது கையால் கரண்டியைப் பிடித்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

"முக்குல புதுசா ஒரு கடை வந்திருக்கு, பாத்தீங்களா? சாயங்காலம் நடக்கப் போனப்ப உள்ள போனேன். காளான் சூப்பு குடிச்சேன் பாருங்க, அடடா!"

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அதே கடையின் கோழி வறுவல். அதற்கு மறுநாள் முட்டை. அவர் என்ன செய்து வைத்தாலும் அவள் முக்குக் கடையைத்தான் பேசினாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெங்காயத்தைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தார், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். அப்படி என்னதான் போடுகிறான் அவன்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"காளான் சூப்பு ஒண்ணு."

கடைக்காரர் சிரித்தார். "டீயும் பன்னும்தான் சார் இருக்கு. சமையலறை வேலை இன்னும் முடியல."

"கையில கட்டுப் போட்ட அம்மா ஒருத்தங்க..."

"தினமும் வருவாங்களே! ஒரு டீயோட சரி. பன்னு குடுத்தாக்கூட வேணாம்பாங்க. 'அவரு சமைச்சு வெச்சிருப்பாரு, பசியோட போகணும்'னு சொல்வாங்க."

பொய்க்காரி என்று கறுவிக்கொண்டே நடந்தவர், வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். மீன் வறுவல் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னபோது தட்டில் அவள் என்ன வைத்திருந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அன்றைக்கு அவர் தட்டை வைத்ததும் அவள் ஆரம்பித்தாள். "இன்னைக்கு முக்குக் கடையில..."

"அங்க டீதான் விக்கறாங்க."

அவள் மென்றதை விழுங்கினாள். கொஞ்சம்கூட அசடு வழியவில்லை.

"எனக்கு நாலு நாளே தாங்கல" என்றார் அவர். "நீ இத்தன வருஷமா எப்படித் தாங்கின?"

"தாங்கினேன்னு யாரு சொன்னா? பாத்திரம் கழுவறப்ப அழுவேன். குழாய் சத்தத்துல உங்களுக்குக் கேக்காது."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்று அவள் தட்டை நீட்டினாள்.

வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.