காலிக் குழாயில் இரண்டு கோடு

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் இருட்டில்தான் வரும் என்பதெல்லாம் சும்மா.

காட்டில் கிடைக்கும் மான் எலும்பைப் பொடியாக்கி, டி.என்.ஏ. எடுத்து, ஆணா பெண்ணா என்று சொல்வது என் வேலை. கணினித் திரையில் ஒரு கோடு விழுந்தால் பெண், இரண்டு விழுந்தால் ஆண். கோடே விழாத எலும்பை 'கெட்டது' என்று எழுதி, மிச்சத்தை எரிக்க அனுப்பும் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவோம். ஒவ்வொரு முறையும் எலும்பே போடாத ஒரு காலிக் குழாயும் சேர்ந்து ஓடும். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் எங்கள் கை சுத்தமில்லை என்று அர்த்தம்.

அந்தக் காட்டில்தான் என் தம்பி காவலராக இருந்தான். ரோந்து போனவன் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. "ஒரு துண்டு எலும்பாவது கண்ணுல காட்டுங்க, அழுது தீர்த்துடுறேன்" என்று தேடப் போனவர்களிடமெல்லாம் அம்மா கெஞ்சினாள்.

அன்று பதினாலு பை வந்திருந்தது. கடைசிப் பையில் விரல் நீளத்தில் ஒரே ஒரு துண்டு. கோடு விழவில்லை. தொட்டியில் போட்டேன்.

மதியம் 1:10. காலிக் குழாயில் இரண்டு கோடு.

"என்னம்மா, கை கழுவினியா இல்லையா?" என்றார் ஆய்வகத்தின் பொறுப்பாளர் மேடம். எனக்குச் சுருக்கென்றது. குழாய், மருந்து எல்லாவற்றையும் புதிதாக எடுத்து மறுபடி ஓட்டினேன்.

4:35. அதே இரண்டு கோடு. மான் கோடு விழும் இடத்தில் இல்லை... மனிதக் கோடு. ஆண்.

அன்று உள்ளே இருந்தது நானும் மேடமும்தான். மேடம் போன் பேச வெளியே போனார்.

டொக். டொக்... டொக்.

தம்பி என் அறைக் கதவை அப்படித்தான் தட்டுவான். ஓடிப்போய்த் திறந்தேன். யாருமில்லை.

டொக். டொக்... டொக்.

கதவில் இல்லை. தொட்டிக்குள்.

மூடி லேசாக... எழும்பியது.

சுவர் வரை பின்வாங்கினேன். 4:50க்குக் கழிவு வண்டிக்காரர் வந்தார்.

"சீக்கிரம் கொண்டுபோயிடுங்கண்ணே!"

கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.

காலிக் குழாயில் இருந்ததை மேடம் வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார். என் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். கூடப் பிறந்தவன் என்று வந்தது.

பதினாலாவது பையை எங்கே எடுத்தீர்கள் என்று வன அலுவலகத்தில் கேட்டேன்.

"பதினாலா? நாங்க அனுப்பினது பதிமூணுதாங்க."

அம்மா தினமும் வாசலிலேயே நிற்கிறாள்.

"ஒரு துண்டாவது கிடைச்சுதாடி?"

"இல்லம்மா."